அல்மாஸின் இடது தோள்

மங்களேஸ்வரி ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் ஒஸ்லோவில் அதிகம் பேர் இல்லை. கலியாண வீட்டுக்குப் போனால், தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக் குசினிக்குள் நின்று, யாரோ கழுவி வைத்த பாத்திரத்தைத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள். ரயிலில் இடம் கிடைத்தாலும் வீடு இருக்கும் ஸ்டோவ்னர் வரை நின்றுகொண்டுதான் வருவாள். தப்பித்தவறி இருந்துவிட்டால் கால் ஆடத் தொடங்கிவிடும், பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போய்விடுவார். கணவன் மகேசன் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்பவர், பொறுமைசாலி. "உம்மடை சப்பாத்துக்குள்ளை ஆரோ எறும்பை விட்டிட்டினம்" என்று வருடத்துக்கு இரண்டு தரமாவது சொல்லுவார். சொல்லிவிட்டுத் தன்பாட்டில் பேப்பரைப் பார்ப்பார்.

அவள் நோர்வேக்கு வந்தது 1987இல், இருபத்தேழு வயதில். வந்த கையோடு வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் மீன் சதையைப் பரப்பி, வெளிச்சத்தில் தெரியும் புழுவையும் முள்ளையும் கத்தி நுனியால் எடுத்தெறிய வேண்டும். மற்றவர்கள் ஒரு பெட்டி முடிக்கும்போது இவள் ஒன்றரைப் பெட்டி முடிப்பாள். ஏழு வருடம் அப்படிப் போனது. பிறகு கலியாணம், ஒஸ்லோ, மருத்துவமனையில் துப்புரவு வேலை. அங்கே அவளுடைய கைச் சுத்தத்தைக் கண்ட ஒரு தாதி, நடை ஆய்வுகூடத்தில் உதவியாள் வேலை காலியாக இருக்கிறது, எழுதிப்போடு என்றாள். மங்களேஸ்வரி எழுதிப்போட்டாள், கிடைத்தது. 2007இல் அந்த வேலைக்கு ஒன்பது வயது.

நடக்கச் சிரமப்படும் பிள்ளைகள் அந்த ஆய்வுகூடத்துக்கு வருவார்கள். பிள்ளையின் உடம்பில், மூட்டுக்கு மூட்டு, சுண்டங்காய் அளவில் வெள்ளி நிறக் குண்டுகளை ரேப் என்னும் ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். சுற்றிவர எட்டுக் கமராக்கள். அவற்றின் கண்ணுக்குக் குண்டுகள் மட்டும்தான் தெரியும். கணினியில் பிள்ளை மறைந்துபோய், கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் நடந்து போகும். அதைப் பார்த்துத்தான் எந்தத் தசையை அறுப்பது, எதை விடுவது என்று வைத்தியர்கள் தீர்மானிப்பார்கள்.

குண்டு ஒட்டுவது அவள் வேலை. பதிவு ஓடும்போது கணினியைப் பார்ப்பதும் அவள் வேலை. பிள்ளைகள் உள்ளாடையோடு நடப்பார்கள், யாராவது பார்த்தால் கூச்சத்தில் நடையே மாறிவிடும். அதனால் மேசையைச் சுவரோடு போட்டிருந்தார்கள். மங்களேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு புள்ளிகளை மட்டும் பார்ப்பாள். ஒன்பது வருடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் நடந்திருக்கிறார்கள், ஒருவர் நடப்பதையும் அவள் நேரே பார்த்ததில்லை.

பதிவு முடிந்தபின் துடைப்பது. சில குண்டுகளின் ரேப் வியர்வையில் கழன்று, குண்டு தன்பாட்டில் நடுங்கும். அப்போது அதன் கோடு திரையில் மரம் அறுக்கும் வாளின் பல்லைப்போல் கிடக்கும். அந்தப் பல்லைத் தேய்த்து, கோட்டை வழுவழுப்பாக்கி, பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதைச் சேமிக்க வேண்டும். கணினியில் இடம் போதாது, இரண்டையும் வைத்திருக்க முடியாது. மங்களேஸ்வரி துடைத்த கோட்டைப் பார்த்து வைத்தியர்கள் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருக்கட்டுமே, வேறெதில் இருந்தது அவளுக்கு?

அந்த ஆவணி முடிவில் இங்கெபோர்க் என்றொரு கலைஞர் ஆய்வுகூடத்துக்கு வந்தாள். முப்பது வயது, ஆண்பிள்ளைக் கிராப்பு. அவள் தூரிகை பிடிப்பதில்லை, கணினியில் வெளிச்சத்தால் உருவங்கள் செய்து சுவரில் ஓடவிடுபவள். ஒரு நடனத்தைப் புள்ளிகளாகப் பிடித்து, ஆற்றங்கரைப் பழைய ஆலை ஒன்றில், கூரை உயரச் சுவரில் ஆடவிட வேண்டும் என்பது அவள் திட்டம். ஒரு சனிக்கிழமைக்கு ஆய்வுகூடத்தைக் கேட்டாள். பொறுப்பாளர் சம்மதித்தார். குண்டு ஒட்ட யார் வருவது என்ற கேள்வி முடியமுன் மங்களேஸ்வரி "நான்" என்றாள். சனிக்கிழமை வீட்டில் சும்மா இருப்பதிலிருந்து தப்ப வேண்டுமே.

ஆடியது அல்மாஸ். எத்தியோப்பியாவில் கொண்டார் பக்கம். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான நெடிய பெண், சிறுவர் பாடசாலையில் உதவியாளர். இளமையில் பதினொரு வருடம் ஊர் ஊராகப் போன ஆட்டக் குழுவில் இருந்தவள். அவர்களுடைய ஆட்டத்துக்கு எஸ்கிஸ்தா என்று பெயர். கால்கள் அநேகமாக நின்ற இடத்தில் நிற்க, எல்லாம் தோளில் நடக்கும் என்று இங்கெபோர்க் விளக்கினாள். அல்மாஸின் இடது தோள்மூட்டு தேய்ந்துபோயிருந்தது. புரட்டாதியில், இருபத்தேழாம் திகதி வியாழக்கிழமை, மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கப் போகிறார்கள். தலை சீவலாம், கோப்பை எடுக்கலாம், ஆட்டத்தை மறந்துவிடு என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால்தான் அவள் இங்கெபோர்க்குக்குச் சம்மதித்திருந்தாள். "இந்தத் தோள் போகமுதல் எங்கையாவது ஒரு இடத்திலை இருக்கட்டும்" என்றாளாம்.

இரண்டு பெண்களுக்கும் பொதுவான மொழி நொர்வேஜியன், இரண்டு பேரிடமும் அது அரைகுறை. அதில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் 'நீ'தான். அவர்கள் கதைத்ததை மங்களேஸ்வரி வீட்டுக்கு வந்து மகேசனுக்குச் சொன்ன தமிழிலேயே இங்கே தருகிறேன், வேறு வழியில்லை.

சனிக்கிழமை அல்மாஸ் வலி தெரியாமல் இருக்க மூன்று நோக் குளிசைகளைப் போட்டுவிட்டு வந்தாள். நாற்பத்தொரு குண்டுகளையும் மங்களேஸ்வரி ஒட்டினாள். இங்கெபோர்க் பாட்டைப் போட்டாள். மேளம் எழும்பியது. மங்களேஸ்வரி பழக்கம் மாறாமல் முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாப் புள்ளியும் தெரிகிறதா என்று எண்ணிக்கொண்டு நின்றாள். நாலு நிமிடம். மேளம் நின்றபோது திரும்பினாள். அல்மாஸ் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள், உடம்பெல்லாம் தெப்பமாக வியர்வை. இங்கெபோர்க் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபின் அன்று பிற்பகலே மங்களேஸ்வரி துடைக்கத் தொடங்கினாள். திங்கட்கிழமை பிள்ளைகள் வரமுதல் கணினியில் இடம் வேண்டும். கால்கள் சுத்தமாக இருந்தன, இடுப்பும் சுத்தம். தோளுக்கு வந்ததும் அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். இரண்டு தோள்களின் கோடும் வாள் பல். நாலு நிமிடமும் வாள் பல். அந்த வியர்வைக்கு ரேப் கழன்றிருக்கிறது! ஒன்பது வருடத்தில் இப்படியொரு மோசமான ஒட்டல் அவள் கையால் நடந்ததில்லை. மூச்சு விடாமல், எவருக்கும் சொல்லாமல், இரண்டு மணித்தியாலம் இருந்து அந்தப் பற்கள் ஒவ்வொன்றையும் தேய்த்தாள். கடைசியில் தோளின் கோடு பட்டு நூலைப்போல் ஓடியது. பழையதை அழித்தாள். குட்டு வெளிப்படாமல் தப்பினேன் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்று கிழமை போனது. சுவரில் போடும் பெயர்ப் பலகையில் உன் பெயரும் வரும் என்று இங்கெபோர்க் ரெலிபோனில் சொன்னாள். அந்தச் செய்தி ஸ்டோவ்னர் முழுக்கப் போய், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கும் மகேசனின் தங்கை தேவிகா வரை எட்டியது. வெள்ளிக்கிழமைத் திறப்புவிழாவுக்கு எல்லாரும் வருவதாகப் பேச்சு.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் பார்க்கட்டும் என்று அல்மாஸை இங்கெபோர்க் அந்த ஆலைக்குக் கூப்பிட்டாள். வேலை முடிந்து மங்களேஸ்வரியும் போனாள். சுவர் இருண்டது. ஆளுயரத்துக்கு நாலு மடங்கில் வெளிச்சப் புள்ளிகளாலான ஒரு பெண் எழுந்து நின்றாள். மெல்லக் கழுத்தைத் திருப்பினாள், கை மிதந்து உயர்ந்தது, தோள்கள் தண்ணீருக்குள் இருப்பவற்றைப்போல் ஏறி இறங்கின. மங்களேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பல் இல்லை, ஒரு பிசிறு இல்லை!

அல்மாஸ் நாலு நிமிடமும் அசையாமல் நின்று பார்த்தாள்.

"இது ஆர்?" என்றாள்.

"நீதான்" என்றாள் இங்கெபோர்க்.

"இல்லை. இது ஆரோ மருந்து குடிச்சிட்டு நித்திரை வராமல் நிக்கிறா. என்ரை தோள் எங்கை?"

அந்தக் கருவிக்கு அவ்வளவு வேகமாக ஆடுவதைப் பிடிக்க முடியாதுபோல, ஆனால் இந்த அமைதி ஒரு விதத்தில் இன்னும் நல்லது, இது நகல் எடுப்பதில்லையே, கலை, என்று இங்கெபோர்க் ஏதேதோ சொன்னாள். அல்மாஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு நல்லாயிருந்தது என்று சொல்வதைப்போல, "வடிவாயிருக்கு" என்றாள். சால்வையைச் சுற்றினாள், இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

மங்களேஸ்வரிக்கு ஏதோ உறைத்தது. "அவ தோளை எப்பிடி ஆட்டுறவ?" என்று கேட்டாள். நீ அங்கேதானே நின்றாய் என்பதுபோல இங்கெபோர்க் பார்த்துவிட்டு, அன்று தன் சிறிய கமராவில் எடுத்த பத்து விநாடித் துண்டைக் காட்டினாள். உள்ளங்கையளவு திரை. அதற்குள் அல்மாஸ். அவளுடைய இரண்டு தோள்களும் கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் அதிர்ந்துகொண்டிருந்தன, முன்னும் பின்னும், மேலும் கீழும். தோளின்மேல் குண்டுகள் பசையோடு பிறந்தவைபோல உறுதியாக ஒட்டியிருந்தன. ரேப் கழலவேயில்லை. ஆட்டமே அதுதான்!

முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. இங்கெபோர்க்குக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கொம்பியூட்டராலை திரும்ப நடுக்கம் போட ஏலாதோ?" என்று மட்டும் கேட்டாள். இங்கெபோர்க் போட்டுப் பார்த்தாள். சுவரில் இருந்த பெண் தை மாதத்தில் பஸ்ஸுக்கு நிற்பவளைப்போல விறைத்து நடுங்கினாள். இங்கெபோர்க் சிரித்துவிட்டு அதை எடுத்தாள். "விடு. ஒருத்தருக்கும் தெரியப் போறேல்லை" என்றாள்.

அந்தக் கடைசி வசனம்தான் மங்களேஸ்வரியை வீடுவரை துரத்தியது. உண்மைதான், ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. வியாழக்கிழமை தோளை எடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சனம் வந்து ஆகா ஓகோ என்னும். பலகையில் பெயர் இருக்கும். அல்மாஸின் தோள் மட்டும் உலகத்தில் எங்கேயும் இருக்காது. ரயில் ஸ்டோவ்னரில் நின்றதும் தெரியவில்லை, கதவு மூடியதும் தெரியவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி வந்தாள்.

வீட்டில் சோற்றை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள், திரும்ப வைத்தாள். யன்னலைத் திறந்தாள், மூடினாள். மகேசன் பேப்பரைத் தாழ்த்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன நடந்தது? அந்த யன்னல் உமக்கு என்ன செய்தது?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டு முடித்தார்.

"வேணுமெண்டு செய்தனீரோ? இல்லைத்தானே. அந்தப் பிள்ளையே விடச் சொல்லுது. நீர் ஏன் கிடந்து உலையிறீர்?"

"நான் பிழைவிட்டுப் போட்டன் எண்டு நினைச்சுத்தான் அதை மறைச்சனான். அப்ப நான் ஒரு பிழையும் விடேல்லை. மறைச்சதுதானே பிழையாப் போச்சு. இஞ்சை பாருங்கோ, அவ ஒருத்தரையும் பேசேல்லை. வடிவாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போறா. பேசியிருந்தாலும் பறவாயில்லை."

"அப்ப போய்ச் சொல்லும்."

"சொன்னா?"

"பேசுவா" என்றார் மகேசன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே மங்களேஸ்வரி தொய்யென் பகுதியில் அல்மாஸின் வீட்டு மணியை அடித்தாள். அன்று காலை பிள்ளைகள் பதிவு இல்லை, பிந்தி வருவதாக ஆய்வுகூடத்துக்குச் சொல்லியிருந்தாள். அல்மாஸ் ஒற்றைக் கையால் சட்டியில் கோப்பிக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். இருக்கச் சொன்னாள். மங்களேஸ்வரி இருக்கவில்லை.

"மெஷினாலை உன்ரை தோளைப் பிடிக்க ஏலாமல் போனதெண்டு இங்கெபோர்க் சொன்னது சரியில்லை. மெஷின் பிடிச்சது. நான்தான் எடுத்தனான்."

"எடுத்தனியோ? ஏன்?"

"ஊத்தை எண்டு நினைச்சன்."

அல்மாஸின் கை நின்றது. "ஊத்தை" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "அதைத் திரும்ப வை."

"இல்லை. அழிச்சிட்டன்."

"நீ அங்கை நிண்டனி. நான் ஆடேக்கை நீ அங்கைதான் நிண்டனி."

"நான் பாக்கேல்லை. நான் ஒருத்தரையும் பாக்கிறேல்லை. புள்ளியை மட்டும்தான் பாக்கிறனான்."

சட்டியில் கொட்டை கரியத் தொடங்கியது. அல்மாஸ் அதைத் தூக்கிக் குழாய்த் தொட்டிக்குள் கவிழ்த்தாள், புகை சீறியது. "பதினொரு வருஷம் ஆடினனான்" என்றாள். "கலியாணத்திலை, சந்தையிலை, ஆமிக்காரருக்கு முன்னாலை. கல்லெறிஞ்சவை. காசெறிஞ்சவை. ஒருத்தரும் என்ரை தோளை ஊத்தை எண்டு சொல்லேல்லை. எழும்பிப் போ."

மங்களேஸ்வரி நின்றுகொண்டுதான் இருந்தாள், எழும்ப இடமில்லை. வாசலில் சப்பாத்தைப் போட்டாள். நூல் முடிச்சு விழவில்லை. குனிந்தபடியே சொன்னாள்: "இண்டைக்குப் பதினொண்டரைக்கு மெஷின் அரை மணித்தியாலம் சும்மா கிடக்கும். சாப்பாட்டு நேரம். உனக்கு நோகும். கேக்கிறதுக்கு எனக்கு முகமில்லை. எண்டாலும் கேக்கிறன்."

"ஒப்பரேஷனுக்கு முதல் நோக் குளிசை போட வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம். உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். நானும் ஆஸ்பத்திரியிலைதானே வேலை செய்யிறன்."

கதவு சாத்தப்பட்டது.

ஆய்வுகூடத்தில் பொறுப்பாளர் ரொட்டித் துண்டில் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் கருவி வேண்டும், ஒரு பிழையைத் திருத்த வேண்டும் என்றாள் மங்களேஸ்வரி. குண்டுகளை நிலத்தில் விட்டுவிடாதே என்றார் அவர். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, நோர்வேக்காரரிடம் அது ஒரு நல்ல குணம். பத்தரைக்கே கமராக்களைச் சரிபார்த்தாள். பதினொன்றுக்குத் திரும்பச் சரிபார்த்தாள். ரேப்பை அளவளவாக நறுக்கி மேசை விளிம்பில் ஒட்டினாள், பிய்த்தாள், ஒட்டினாள். வாசலுக்குப் போனாள், வந்தாள். மின்தூக்கி திறந்த சத்தம் ஏழு தரம் கேட்டது, ஏழு தரமும் வேறு யாரோ. அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாள், வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்தாள். பின்னையது இன்னும் பயமாக இருந்தது.

பதினொன்றரைக்கு இரண்டு நிமிடம் இருக்க அல்மாஸ் வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிக் கை வைக்காத பனியனோடு நின்றாள். இடது தோளில் குண்டு ஒட்ட விரல் பட்டதும் அவளுடைய வாய் கோணியது, சத்தம் வரவில்லை.

"பாட்டு?" என்றாள்.

பாட்டு இங்கெபோர்க்கிடம் இருந்தது. மங்களேஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரெலிபோன் எடுத்து, அவள் வந்து, அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும்.

அல்மாஸ் மேசையைக் காட்டினாள். "அடி." உள்ளங்கையால் எப்படி என்று ஒருதரம் அடித்துக் காட்டினாள், ஒன்று கனமாக, இரண்டு இலேசாக, பிறகு ஒரு இடைவெளி. மங்களேஸ்வரி பதிவை ஓடவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள்.

"சுவரைப் பாக்காதை! என்னைப் பாத்து அடி. நீ அடிக்கிறதுக்கு நான் ஆடமாட்டன். நான் ஆடுறதுக்கு நீ அடி."

மங்களேஸ்வரி திரும்பினாள்.

அல்மாஸ் நிமிர்ந்து நின்றாள். கண்ணைத் தாழ்த்தினாள். வலது தோள் ஒருமுறை துடித்தது, குதிரை ஈயை உதறுவதைப்போல. பிறகு இடது. பிறகு இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. ஒரு பெண்ணின் தோள்கள் இத்தனை பேசும் என்று மங்களேஸ்வரி நினைத்ததில்லை. தோள் கேட்டது, தோளே பதில் சொன்னது, நெஞ்சு அதைக் கேட்டுச் சிரித்தது, கழுத்து எனக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தப் பக்கம் திரும்பியது. மங்களேஸ்வரியின் கைகள் மேசையில் தாமாகவே ஓடின. இதையா துடைத்தேன், இதையா இரண்டு மணித்தியாலம் இருந்து தேய்த்தேன் என்று வெட்கம் முகத்தில் அடித்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

இருபது விநாடி இருக்கும். இடது தோள் பிந்தத் தொடங்கியது. வலது முன்னே ஓட, இடது ஒரு கணம் கழித்து வந்து சேர்ந்தது. அல்மாஸ் பல்லைக் கடித்தாள், நெற்றியில் நரம்பு எழும்பியது. "காணும், போதும், விடு" என்று கத்த மங்களேஸ்வரிக்கு வாய் வந்தது. அல்மாஸின் கண்கள் 'அடி' என்றன. அடித்தாள். இடது தோள் இரண்டு தரம் இடறியது, மூன்றாம் தரம் நின்றுபோனது. அல்மாஸ் வலது கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்தினாள்.

மங்களேஸ்வரி ஓடிப்போய்ப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. முதுகைத் தடவினாள். அல்மாஸ் அவளுடைய கையைத் தட்டிவிடவில்லை. 

"எவ்வளவு?" என்றாள் அல்மாஸ்.

மங்களேஸ்வரி எழும்பிப் பார்த்தாள். "முப்பத்தெட்டுச் செக்கன்."

"முந்தி நாலு நிமிஷம் தந்தனான்."

"ஓம்" என்றாள் மங்களேஸ்வரி. 

அல்மாஸைச் சால்வையால் மூடி, ராக்சியில் ஏற்றிவிட்டு வந்து கணினி முன்னால் நின்றாள். கறுப்புத் திரையில் இரண்டு தோள்களின் கோடு, பல்லுப் பல்லாக. இருபதாவது விநாடியிலிருந்து இடது கோடு தள்ளாடியது. அல்மாஸ் தோளைப் பொத்திய இடத்தில் புள்ளி மறைந்து, கோடு அறுந்து கிடந்தது. அறுந்த கோட்டைப் பொருத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு, வழுவழுப்பாக்க இன்னொன்று. பழக்கதோஷத்தில் விரல் அங்கேதான் போய் நின்றது. இடறிய இரண்டு இடத்தையும் மட்டும் சரிசெய்துவிட்டால் என்ன, அவள் மானமும் தப்புமே என்றொரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினாள். பிறகு ஒன்றையும் தொடாமல் சேமித்தாள். இரண்டு வட்டுகளில் பதிந்து, ஒன்றைக் கைப்பையில் வைத்தாள். பையைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்தாள்.

அன்று மாலை ஆலையில் இங்கெபோர்க் முதலில் எரிந்து விழுந்தாள். நாளைமறுநாள் திறப்புவிழா, நாலு நிமிடத்துக்கு எல்லாம் அமைத்தாகிவிட்டது, இப்போது வந்து முப்பத்தெட்டு விநாடியைத் தருகிறாய், அதுவும் அறுந்தது! மங்களேஸ்வரி வட்டைப் போட்டுப் பார் என்றாள். இங்கெபோர்க் ஒருதரம் பார்த்தாள், மூன்றுதரம் பார்த்தாள். பிறகு நாலு நிமிடத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சனம் திரண்டது. முப்பத்தெட்டு விநாடி ஆட்டம், பிறகு இருட்டு, பிறகு திரும்பவும் ஆட்டம். சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சிலர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வைன் மேசைக்குப் போனார்கள். தேவிகா பட்டுச் சேலையில் வந்திருந்தாள். பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் மச்சாளை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக் காதுக்குள் கேட்டாள்.

"மச்சாள், இது ஏன் இப்பிடி நடுங்குது? கடைசியிலை இழுத்துக்கொண்டும் நிக்குது. மெஷின் ஏதும் பழுதோ?"

"பழுதில்லை."

"பின்னை? நீங்கள் துப்புரவாச் செய்வியள் எண்டல்லோ அண்ணா சொன்னவர்."

"அவவுக்குத் தோள் நொந்தது, தேவிகா. அதுதான் தெரியுது" என்றாள் மங்களேஸ்வரி. தேவிகா நம்பாமல் தலையாட்டினாள். மங்களேஸ்வரிக்கு அந்த இடத்தில் கால் தரிக்கவில்லை. அல்மாஸுக்கு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று மட்டும் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை பார்வையாளர் நேரம் தொடங்கும்போதே மங்களேஸ்வரி இங்கெபோர்க்கின் மடிக்கணினியைக் காவிக்கொண்டு வார்டுக்குப் போனாள். அல்மாஸ் தலையணைகளில் சாய்ந்திருந்தாள். இடது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், முகம் வீங்கி, உதடு காய்ந்து கிடந்தது. மன்னிப்புக் கேட்கத் தயார்பண்ணிக்கொண்டு வந்த நொர்வேஜிய வசனம் முழுவதும் மங்களேஸ்வரிக்கு மறந்துபோனது.

"கொண்டு வந்தனியோ?" என்றாள் அல்மாஸ்.

கணினியை அவளுடைய மடியில் வைத்து ஓடவிட்டாள். முப்பத்தெட்டு விநாடி. அல்மாஸ் கண் இமைக்காமல் பார்த்தாள்.

"இருபதிலை இடது பிந்துது."

"ஓம். பிந்துது."

"நீ அதைச் சரிசெய்யேல்லை."

"இல்லை."

"எத்தினை பேர் பாத்தவை?"

"இருநூறு பேர் வரும்."

"ஐயோ, இருநூறு பேருக்கு முன்னாலை பிந்தியிருக்கிறன்!" என்று அல்மாஸ் சிரித்தாள். சிரிப்புக் காயத்தில் போய்க் குத்தியது. கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு, "திரும்பப் போடு" என்றாள்.

இரண்டாம் தரம் ஓடியபோது மருத்துவமனைச் சட்டைக்குள் அவளுடைய வலது தோள் மெல்ல அசையத் தொடங்கியது. அவள் அசைக்கவில்லை, அது தன்பாட்டில் அசைந்தது. திரையில் இருந்தவள் வேகம் பிடிக்கப் பிடிக்க, கட்டிலில் இருந்தவளின் தோளும் வேகம் பிடித்தது. பின்னர் துணிக்கட்டுக்குள்ளே இடது தோளும் ஒருமுறை எழும்பப் பார்த்தது. அல்மாஸின் முகம் வெளுத்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மங்களேஸ்வரி பாய்ந்து கணினியைப் பிடித்தாள். "நோகுதோ? நிப்பாட்டட்டோ?"

"நோகுது" என்றாள் அல்மாஸ். வலது கையால் அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கையை எடு. ஓடட்டும்."

மங்களேஸ்வரி கையை எடுத்தாள்.